சீசனா, நாள் சீட்டா? – ஒரு கணக்கு
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணித மாணவி ஒருவர் எழுதியது)

திருவள்ளூர் தொடங்கி வில்லிவாக்கம் வரை இரயில் பாதையை ஒட்டி வாழும் மக்கள் நாள்தோறும் காலையில் சென்னை நோக்கிப் புறப்பட்டு, மாலையில் வீடு திரும்புகின்றனர். ஆலைத் தொழிலாளர், அலுவலகத்தார், கட்டட வேலைக்குச் செல்வோர், பூக்கூடையோடு ஏறும் தாய்மார், நம்மைப் போன்ற மாணவ மாணவியர் என அத்தனை பேரும் டிக்கெட் கவுண்டருக்கு முன்னால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தே ஆகவேண்டும். அன்றன்றைக்கு ஒரு சீட்டு வாங்குவதா, மாதம் முழுமைக்கும் சேர்த்துச் சீசன் டிக்கெட் எடுத்துவிடுவதா என்பதே அக்கணக்கு. பார்வைக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் போடக்கூடிய வகுத்தல் கணக்காகத் தோன்றும். உள்ளே இறங்கிப் பார்த்தால், கணிப்பொறி அறிவியலார் ஆய்வுக் கட்டுரை எழுதும் அளவுக்கு அதில் பொருள் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, நம் கல்லூரி மாணவியர்க்கு ஒரு பைசாச் செலவும் இல்லாத வழி ஒன்று அதன் கடைசியில் இருக்கிறது. அதனை எல்லோரும் அறியவேண்டும் என்னும் ஆவலே என்னை எழுதத் தூண்டியது.

சீசன் டிக்கெட்டைத் தமிழில் பருவச் சீட்டு என்று எழுதுவர். ஆயின் ஆவடி நிலையத்தில் போய்ப் ‘பருவச் சீட்டு ஒன்று கொடுங்கள்’ என்று கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆகவே மக்கள் வழங்கும் ‘சீசன்’ என்ற சொல்லையே இங்கும் கையாளுகிறேன்.

நாம் ஏறி இறங்கும் இப்பாதை தென்னிந்தியாவிலேயே மூத்த பாதையாகும். 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய முதல் இரயில் ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாகவே சென்றது. பெரம்பூரில் 1955இல் இரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது. அறுபதுகளில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வளர்ந்தன. 1979இல் திருவள்ளூர் வரை மின்சார இரயில் ஓடலாயிற்று. இத்தனைக்கும் பிறகே, இன்று நாம் காலையில் ஒரு காலை ஊன்ற இடம் தேடும் கூட்டம் உருவாயிற்று.

இனி விலைக்கு வருவோம். நம் புறநகர் இரயிலில் இரண்டாம் வகுப்புக்கு 20 கிலோமீட்டர் வரை ஒரு பயணத்திற்கு 5 ரூபாய். மாதச் சீசன் 100 ரூபாய். 21 முதல் 45 கிலோமீட்டர் வரை ஒரு பயணத்திற்கு 10 ரூபாய். மாதச் சீசன் 185 ரூபாய். அம்பத்தூரிலிருந்து சென்ட்ரல் வருவோர் முதல் வகையைச் சேர்ந்தவர். திருநின்றவூர், திருவள்ளூர்ப் பக்கமிருந்து வருவோர் இரண்டாம் வகையினர். 2020 ஜனவரியிலும் 2025 ஜூலையிலும் பிற இரயில்களுக்குக் கட்டணம் உயர்ந்தபோது, புறநகர்க் கட்டணத்தையும் சீசனையும் தொடாமல் விட்டார்கள்.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அம்பத்தூர்–சென்ட்ரல் பாதையையே எடுத்துக்கொள்கிறேன். போக 5, வர 5, ஆக நாளொன்றுக்கு 10 ரூபாய். சீசன் 100 ரூபாய். எனவே பத்து நாள் போய்வந்தால் இரண்டும் சமம். பதினோராம் நாளிலிருந்து சீசன்காரர் இலவசமாகப் பயணம் செய்கிறார் என்று கொள்ளலாம். திருவள்ளூர்க்காரருக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய். 185ஐ 20ஆல் வகுத்தால் 9.25. அவருக்கும் பத்தாம் நாளே எல்லை. தூரம் இரு மடங்கானாலும் எல்லை ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பது கவனிக்கத் தக்கது.

ஒரு பருவத்திற்குத் தொண்ணூறு வேலை நாள் என்று கொள்வோம். ஐந்து மாதத்தில் அது பரவினால் மாதத்திற்குப் பதினெட்டு நாள். வகுப்புக்கு ஒழுங்காக வரும் மாணவர்க்குச் சீசனே இலாபம் என்பதில் ஐயமில்லை. வகுப்புக்கு ஒழுங்காக வராத மாணவரையும் கணக்கில் சேர்ப்போம். தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். தொண்ணூறில் 75 விழுக்காடு என்பது 68 நாள். ஐந்தால் வகுத்தால் மாதத்திற்கு 13 நாளுக்கும் மேல். ஆகவே எல்லைக் கோட்டில் நின்று தேர்வுக் கூடத்தில் நுழையும் நண்பர்க்கும் சீசன்தான் இலாபம்! பேராசிரியப் பெருமக்கள் இதனை வேறு வகையில் பொருள்கொள்ள வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஆயினும் சராசரி என்பது ஏமாற்றும். நீச்சல் தெரியாதவர் சராசரி ஆழம் மூன்றடி என்று கேட்டு ஏரியில் இறங்கலாமா? தீபாவளி விடுமுறையும், மழைக்கால விடுமுறையும், படிப்பு விடுமுறையும் சேர்ந்து வரும் மாதம் ஒன்று உண்டு. பல்கலைக்கழகத் தேர்வு மாதமும் உண்டு. ஆறு தாள் எழுத ஆறு நாள் வந்தால் 60 ரூபாய் போதும். 100 ரூபாய்ச் சீசன் நட்டமே. இம்மாதங்களில் நாள் சீட்டே நலம். சீசனுக்கு மாதம் என்பது நாட்காட்டி மாதம் அன்று என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். ஜூன் 16இல் எடுத்தால் ஜூலை 15 வரை செல்லும். கல்லூரி திறக்கும் நாளில் எடுப்பதும், விடுமுறைக்கு முன்னால் முடியுமாறு அமைப்பதும் நம் கையில் உள்ளன. ‘முதல் தேதி எடுப்பதே வழக்கம்’ என்று எடுப்போர் விடுமுறை நாட்களையும் விலை கொடுத்து வாங்குகின்றனர்.

மூன்று மாதச் சீசன், ஆறு மாதச் சீசன், ஓராண்டுச் சீசன் என்பனவும் உள்ளன. மாத விலையை முறையே 2.7, 5.4, 10.8 ஆகியவற்றால் பெருக்கினால் அவற்றின் விலை கிடைக்கும். நம் பாதையில் 270, 540, 1080 ரூபாய். மூன்றுக்கும் தள்ளுபடி பத்து விழுக்காடுதான் என்பதைப் பெருக்கிப் பார்த்தவர் உடனே காண்பார். ஆறு மாதத்திற்கோ ஓராண்டிற்கோ பணத்தை முடக்குபவர்க்கு மூன்று மாதக்காரரைவிடக் கூடுதலாக எந்தத் தள்ளுபடியும் இல்லை. மேலும், ஆண்டில் ஒன்பது மாதமே கல்லூரிக்கு வரும் மாணவர்க்கு மாதச் சீசன் ஒன்பது எடுத்தால் 900 ரூபாய். ஓராண்டுச் சீசன் 1080 ரூபாய். ஓராண்டுச் சீசன் தொழிற்சாலைக்குச் செல்வோர்க்கு உரியது, நமக்கு உரியதன்று. மூன்று மாதச் சீசனுக்கும் ஓர் எல்லை உண்டு. மூன்றில் ஒரு மாதம் விடுமுறையால் மெலிந்துவிட்டால், இரண்டு மாதச் சீசன் 200 ரூபாய்க்கு எடுத்து, மெலிந்த மாதத்தில் நாள் சீட்டு வாங்கலாம். அந்த மாதத்தில் ஏழு நாள் வந்தால் 270 ஆகிச் சமமாகிறது. ஏழு நாளுக்கும் குறைவென்றால் மூன்று மாதச் சீசன் எடுக்கலாகாது.

இத்தனையும் நாட்களை முன்கூட்டியே எண்ணத் தெரிந்தவர்க்குரிய கணக்கு. எண்ணத் தெரியாதவர் என்ன செய்வார்? என் தாயார் எட்டாம் வகுப்புவரை படித்தவர். சீசனுக்கு நான் பணம் கேட்டபோது அவர் கேட்ட கேள்வியை அப்படியே தருகிறேன்: “நூறு ரூபாய மொத்தமா எடுத்துக் குடுத்துடறேன். நாளைக்கே நீ காய்ச்சல்னு இருபது நாள் படுத்துட்டா, அந்தக் காசு யாரு குடுப்பா?”

இக்கேள்விக்குக் கணிப்பொறி அறிவியலில் ஒரு பெயர் உண்டு. பனிச்சறுக்கு வாடகைக் கணக்கு என்பர். குளிர்நாட்டில் ஒருவர் பனியில் சறுக்கி விளையாடச் செல்கிறார். சறுக்குக் கட்டையை நாள் வாடகைக்கு எடுக்கலாம். சொந்தமாக விலைக்கும் வாங்கலாம். எத்தனை நாள் விளையாடுவார் என்பது அவருக்கே தெரியாது. நாளையே காலை ஒடித்துக்கொள்ளலாம். அவர் எந்த நாளில் வாங்கவேண்டும்? என் தாயாரின் காய்ச்சலும் அவருடைய காலும் ஒன்றே.

விடை அழகானது. சீசனின் விலைக்குச் சமமான தொகையைத் தொடும்வரை நாள் சீட்டு வாங்கு. தொடும் நாளில் சீசன் எடு. அஃதாவது ஒன்பது நாள் நாள் சீட்டு, பத்தாம் நாள் காலையில் சீசன். பத்தாம் நாளுக்குள் பயணம் நின்றுவிட்டால், நாம் செலவிட்டதே மிகக் குறைந்த செலவு. பத்தாம் நாளைத் தாண்டினால் நம் செலவு 90ம் 100ம் சேர்ந்து 190. எல்லாம் அறிந்த ஞானி ஒருவர் முதல் நாளே சீசன் எடுத்து 100 செலவிட்டிருப்பார். நம் செலவு அவருடையதைப் போல் 1.9 மடங்கு. எந்தக் கெட்ட நேரத்திலும் இதற்குமேல் போகாது.

வேறு நாளில் வாங்கினால் என்ன? ஐந்தாம் நாள் வாங்கி, அன்றே பயணம் நின்றால் 40ம் 100ம் சேர்ந்து 140. ஞானியின் செலவு 50. விகிதம் 2.8. பதினைந்தாம் நாள் வாங்கினால் 140ம் 100ம் சேர்ந்து 240. ஞானியின் செலவு 100. விகிதம் 2.4. முதல் நாளே வாங்கிக் காய்ச்சலில் படுத்தால் பத்து மடங்கு! எந்த நாளை எடுத்துப் பார்த்தாலும் பத்தாம் நாளைவிட நல்ல காப்பு இல்லை. பின்னால் வருவதை அறியாதவர் முன்னால் செலவிட்டதையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்னும் இக்கருத்து எனக்கு மிகவும் பிடித்தது.

சறுக்குக் கட்டை காலாவதியாவதில்லை, சீசன் காலாவதியாகும். அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஜெர்மானிய இரயில்வே 1992இல் ‘பான்கார்டு’ என்ற அட்டையை வெளியிட்டது. அதனை விலைகொடுத்து வாங்கியவர்க்கு ஓராண்டுக்கு ஒவ்வொரு சீட்டும் பாதி விலை. ருடால்ஃப் ஃபிளைஷர் என்னும் அறிஞர் ‘பான்கார்டு கணக்கு’ என்ற பெயரிலேயே 2001இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அட்டை வைத்திருப்பவர் ஒவ்வொரு சீட்டுக்கும் விலையில் எத்தனை பங்கு கட்டவேண்டுமோ அதனைப் பீட்டா என்போம். எதிர்காலம் அறியாதவர், நாணயம் சுண்டிப் பார்க்காமல், எந்தத் திட்டம் வகுத்தாலும் ஞானியின் செலவில் 2 கழித்தல் பீட்டா மடங்குக்குக் கீழே போவதை உறுதிசெய்ய முடியாது. அந்த எல்லையை எட்டும் திட்டம் உண்டு என அவர் காட்டினார். பாதி விலை அட்டைக்குப் பீட்டா அரை; எல்லை ஒன்றரை மடங்கு. நம் சீசனில் சீட்டுக்கென்று தனியே ஏதும் கட்டுவதில்லை. பீட்டா சுழி. எல்லை இரண்டு மடங்கு. அம்பத்தூர் நிலையத்து வரிசையில் நிற்கும்போது இதை நினைத்துக்கொண்டால் வரிசை சற்று விரைவாக நகர்வது போலிருக்கும்.

ஐரோப்பா என்றதும் அங்கே சுற்றுலா செல்வோர் நினைவுக்கு வருகின்றனர். அவர்களுக்கும் இதே கேள்விதான். ஐரோப்பாவில் வாழாதவர்க்கு ‘யூரெயில்’ என்னும் பாஸ் 1959 முதலும், அங்கேயே வாழ்வோர்க்கு ‘இன்டர்ரெயில்’ என்னும் பாஸ் 1972 முதலும் வழங்கப்படுகின்றன. பல நாட்டு இரயில்களிலும் ஒரே பாஸில் ஏறலாம். ஆனால் அங்கே கணக்கு நம்முடையதைப் போல் தெளிவாக இல்லை. பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின் நாடுகளின் விரைவு இரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியே பணம் கட்டவேண்டும். மேலும், பல வாரங்களுக்கு முன்னரே வாங்கினால் தனிச் சீட்டு மலிவு. கடைசி நாளில் வாங்கினால் கொள்ளை விலை. ஆகவே பயணத் திட்டத்தை முன்பே முடிவுசெய்தவர்க்குத் தனிச் சீட்டும், காலையில் எழுந்து ‘இன்று எங்கே போகலாம்’ என்பவர்க்குப் பாஸும் ஒத்துவரும். நம் ஐந்து ரூபாய்ச் சீட்டு முந்தி வாங்கினாலும் பிந்தி வாங்கினாலும் ஐந்து ரூபாயே. இவ்வகையில் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

அங்கே அன்றாடம் வேலைக்குச் செல்வோர்க்கு வேறு திட்டங்கள் உள்ளன. 2022இல் ஜூன் முதல் ஆகஸ்டு வரை ஜெர்மனியில் மாதம் 9 யூரோவுக்கு நாடெங்கும் நகர, வட்டார இரயில்களிலும் பேருந்துகளிலும் செல்லும் சீட்டைத் தந்தார்கள். 2023 மே முதல் அதுவே 49 யூரோச் சீட்டாக நிலைபெற்றது. 2025இல் 58, 2026இல் 63 என ஏறிவிட்டது. சீட்டு ஒன்றுதான், விலைதான் மாறுகிறது.

விலை மாறினால் எல்லைக் கோடும் மாறும் என்பதை நாமும் ஒருமுறை கண்டிருக்கிறோம். 2014 ஜூன் 20இல் இரயில் கட்டண உயர்வு அறிவிக்கப்பட்டது. அதுவரை சீசன் விலை 15 ஒற்றைப் பயணங்களின் அடிப்படையில் கணிக்கப்பட்டு வந்தது; அதனை 30 ஆக்குவதென அறிவித்தார்கள். எதிர்ப்பு எழுந்தது, மும்பையில் மிகக் கடுமையாக எழுந்தது. உயர்வு நடைமுறைக்கு வரவேண்டிய 25ஆம் நாளுக்கு முந்திய நாளே சீசனைப் பழைய அடிப்படைக்கு மாற்றிவிட்டனர். அந்த அறிவிப்பு நின்றிருந்தால் சீசன் விலை இரட்டிப்பாகி, நம் எல்லை பத்தாம் நாளிலிருந்து இருபதாம் நாளுக்குப் போயிருக்கும். மாதத்தில் பதினெட்டு நாள் வரும் மாணவர்க்குச் சீசன் என்ற ஒன்றே பொருளற்றதாகியிருக்கும்.

சீசனுக்குக் காசாக எண்ண முடியாத பயனும் உண்டு. இரு நிலையங்களுக்கும் இடையே எத்தனை முறையும் போகலாம். இடையில் எங்கும் இறங்கலாம். நாள் சீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை கன்னிமாரா நூலகத்துக்குப் போகப் பத்து ரூபாயை நினைப்பார். சீசன்காரர்க்குச் சென்ட்ரல் வரை செலவில்லை. பணம் ஏற்கனவே போய்விட்டதால் கால்கள் விடுதலையடைகின்றன. விடுமுறையில் நூலகம் செல்லும் பழக்கம் என் தோழியர் சிலர்க்குச் சீசன் எடுத்த மாதத்தில்தான் தொடங்கிற்று.

இவ்வளவு இலாபம் இருந்தும் ஏன் பலர் நாள்தோறும் வரிசையில் நிற்கின்றனர்? அவர்களுக்கு வகுத்தல் தெரியாது என்று எண்ணுவது பெரும் பிழை. என் தந்தையார் நாட்கூலிக்குச் செல்பவர். அவர் கையில் ஒரு நாளும் ஒரு மாதத்துப் பணம் இருந்ததில்லை. காலையில் பத்து ரூபாய் தருவது அவரால் முடியும். முதல் தேதியில் வாடகையும் அரிசியும் போனபின் நூறு ரூபாயைத் தனியே எடுத்துவைப்பது முடியாது. மாதச் சம்பளக்காரர் நூறு ரூபாயில் பயணத்தை முடிக்க, நாட்கூலிக்காரரின் பிள்ளை அதே பயணத்துக்கு நூற்றெண்பது கொடுக்கிறார். மளிகைக் கடையில் எண்ணெயை நூறு மில்லியாக வாங்குவோர் லிட்டராக வாங்குவோரைவிடக் கூடுதலாகக் கொடுப்பது போன்றதே இது. பனிச்சறுக்குக் கணக்கில் ‘வாங்கும் நாளில் பணம் இருக்கும்’ என்பதை எடுகோளாக வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறார்கள். நம் தெருக்களில் அந்த எடுகோளே செல்லாது.

இதற்கு எங்கள் தெருவில் ஆயத்த ஆடை நிறுவனத்துக்குச் செல்லும் அக்காமார் நால்வர் ஒரு வழி கண்டிருக்கின்றனர். வாரக் கூலி வாங்கும் சனிக்கிழமையில் ஆளுக்கு 25 ரூபாய் போடுகிறார்கள். நூறு ரூபாய் சேர்கிறது. முதல் வாரம் ஒருவர், இரண்டாம் வாரம் மற்றொருவர் என முறைவைத்துச் சீசன் எடுக்கின்றனர். நான்கு வாரத்தில் நால்வர்க்கும் முடிந்து, முதலாமவரின் சீசன் தீரும் சமயத்தில் முறை மீண்டும் அவரிடம் வருகிறது. சீட்டுக்காக ஒரு சீட்டு! வட்டி இல்லை, தள்ளு இல்லை. நாம் வகுப்பில் நான்கு பேர் சேர்ந்தால் இதை நாளையே தொடங்கலாம்.

இரயில்வே தானே முன்வந்து செய்திருப்பதும் உண்டு. அமைப்புசாராத் தொழிலாளர்க்கென 2009இல் ‘இஸ்ஸத்’ என்னும் 25 ரூபாய் மாதச் சீசனை அறிவித்தனர். மாத வருமானம் 1500 ரூபாய்க்கு மேற்படாதவர்க்கே அது என வரம்பு கட்டினர். மாதம் 1500 என்றால் நாளைக்கு 50 ரூபாய். நல்ல திட்டந்தான்; வாசல்தான் மிகவும் குறுகலாகிவிட்டது.

மாணவர்க்கான சலுகையே நாம் முக்கியமாக அறியவேண்டியது. வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்துக்கும் கல்லூரிக்கு அருகிலுள்ள நிலையத்துக்கும் இடையே மாணவர்க்குச் சீசனில் பாதி தள்ளுபடி. பட்டியல் இன, பழங்குடி மாணவர்க்கு நான்கில் மூன்று பங்கு தள்ளுபடி. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் சலுகை உட்படப் பல சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் மாணவர் சலுகை நீடித்தது. முன்னர்ப் போட்ட கணக்கை இங்கே திரும்பப் போடவேண்டும். சீசன் 50 ரூபாய் என்றால் எல்லை ஐந்தாம் நாளுக்கு இறங்கிவிடுகிறது. 25 ரூபாய் என்றால் மூன்றாம் நாளிலேயே இலாபம். தேர்வு மாதத்தில் ஆறு நாளே வருவோர்க்கு நாள் சீட்டே நலம் என்று மேலே கண்டோம். சலுகைச் சீசன் உள்ளவர்க்கு அம்முடிவு தலைகீழாகிறது. ஆறு நாள் நாள் சீட்டு 60 ரூபாய். சீசன் 50 ரூபாயே. இளைத்த மாதம், கொழுத்த மாதம் என்று பார்க்கவேண்டிய தேவையே அவர்க்குப் பெரும்பாலும் இல்லை.

இனி மாணவியர்க்கு வருவோம். 2008–09ஆம் ஆண்டு இரயில்வே நிதிநிலை அறிக்கையில், கல்விக்கான இலவச இரண்டாம் வகுப்பு மாதச் சீசன் மாணவியர்க்கு இளநிலைப் பட்டம் வரையிலும், மாணவர்க்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும் விரிவாக்கப்பட்டது. இரயில்வேயின் சலுகைப் பட்டியலில் இன்றும் அது இருக்கிறது. பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். படிக்கும் நம் மாணவியர் அனைவரும் இதில் அடங்குவர். விலை சுழி. பகுத்துப் பார்க்க ஒன்றுமில்லை. முதல் நாள் முதற் பயணத்திலேயே இலாபம். என் தாயாரின் காய்ச்சல் கேள்விக்கும், ஞானியின் தேவைக்கும் இங்கே இடமில்லை. முதுநிலை மாணவியர்க்கு மட்டும் பாதி விலை.

நாளொன்றுக்குப் பத்து ரூபாய் என்பது ஒரு பருவத்தின் தொண்ணூறு நாளில் 900 ரூபாய். மூன்றாண்டின் ஆறு பருவத்தில் 5400 ரூபாய். ஒரு வீட்டின் முதல் பட்டதாரியாக வரும் பெண்ணுக்கு இது எத்தனை புத்தகம், எத்தனை தேர்வுக் கட்டணம் என்று நான் சொல்லவேண்டியதில்லை. திருவள்ளூர்ப் பக்கத்துத் தோழிக்கு இதைப் போல் இரு மடங்கு, 10,800 ரூபாய். ‘போக்குவரத்துக்கு ஆகாது’ என்று படிப்பை நிறுத்திய பெண்ணொருத்தி எங்கள் தெருவிலேயே இருக்கிறாள்.

இச்சலுகை தானாக வந்து கையில் விழாது. கல்லூரியின் சான்று வேண்டும். மாணவியின் பெயர், பிறந்த நாள், வகுப்பு, வீட்டு நிலையம், கல்லூரி நிலையம் ஆகியவற்றை எழுதி, முதல்வர் ஒப்பமும் முத்திரையும் இட்ட சலுகைப் படிவமே அச்சான்று. அப்படிவப் புத்தகத்தை இரயில்வேயிடமிருந்து எழுதிக் கேட்டுப் பெறவேண்டியது கல்லூரி அலுவலகம். அதனுடன் அடையாள அட்டையைக் காட்டி நிலையக் கவுண்டரில் சீசன் பெறவேண்டும். கைப்பேசியில் எடுக்கும் வேலை அன்று, நேரே போகவேண்டும். ஒரு நிலையத்தில் என்னை ‘அப்படி ஒன்றும் இல்லையம்மா’ என்று முதலில் திருப்பி அனுப்பினார்கள். விதியை எழுதி எடுத்துக்கொண்டு மறுபடி போனபோது, மேலவரைக் கேட்டு வந்து, படிவம் இருந்தால் தருகிறோம் என்றார்கள். ஒருவர் தனியே போய்க் கேட்பதைவிட, ஜூன் மாதத்தில் சேர்க்கை நடக்கும்போதே மாணவியரிடம் வீட்டு நிலையத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அலுவலகம் ஒரே முறையாகப் படிவங்களை நிரப்பினால் வேலை மிகவும் எளிது. நம் பேராசிரியப் பெருமக்கள் மனம் வைத்தால் வரும் கல்வியாண்டிலேயே இது நடக்கும்.

பூந்தமல்லித் தோழியர் ‘எங்கள் ஊருக்குப் புறநகர் இரயிலே இல்லையே’ என்பர். உண்மை. ஆயினும் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. ஆவடி வரை அப்பேருந்தில் வந்து, அங்கிருந்து இலவசச் சீசனில் இரயில் ஏறினால், வீட்டு வாசலிலிருந்து சென்ட்ரல் வரை செலவு சுழி. நேரடிப் பேருந்தில் நெரிசலில் நின்று வருவதற்கும் ஆவடியில் மாறி வருவதற்கும் ஆகும் நேரத்தை அவரவர் ஒரு வாரம் குறித்துப் பார்த்து முடிவுசெய்யலாம். சாலையைப் பொறுத்து அது நாளுக்கு நாள் மாறும்.

சீசன் வைத்திருப்போர் கவனிக்கவேண்டியவை சில உண்டு. அது வைத்திருப்பவர் பெயருக்கே உரியது. அக்காவின் சீசனில் தங்கை போகலாகாது. தொலைந்தால் மறு சீட்டுத் தரமாட்டார்கள். நேற்றோடு முடிந்த சீசனும் சீட்டில்லாப் பயணமும் பரிசோதகர்க்கு ஒன்றே. அபராதம் குறைந்தது 250 ரூபாய், கட்டணம் தனி. இரண்டரை மாதச் சீசன் விலை அது. முடியும் நாளுக்குப் பத்து நாள் முன்பிருந்தே புதுப்பித்துக்கொள்ளலாம். புதிய சீசன் பழையது முடிந்த மறுநாளிலிருந்துதான் கணக்காகும் என்பதால் முந்திச் செல்வதில் நாள் எதுவும் வீணாவதில்லை. திங்கட்கிழமைக் காலை வரிசையைத் தவிர்த்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்பத்தூர் நிலையத்துக்குப் போனால், கவுண்டரில் நமக்கு முன்னால் ஓரிருவர்தான் இருப்பார்கள்.